கார்டு எடுப்பீங்களா?

பின்கதவைப் படாரென்று சாத்தி, பிள்ளைகளின் தலைகளைக் கண்ணாலேயே ஒரு முறை எண்ணிவிட்டு, கடைசியாகத் தன் வயிற்றைக் குனிந்து பார்த்து, "இன்னிக்காவது என் மானத்தைக் காப்பாத்து" என்பார் வேனக்கா. பிள்ளைகள் சிரிப்பார்கள். அதன் பிறகுதான் வண்டி கிளம்பும்.

பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை. அவர்கள் வைத்த பெயர்தான் வேனக்கா. இப்போது அவர்களுடைய அம்மா அப்பாக்களுக்கும் அவர் வேனக்காதான். உடம்பைப் பற்றிப் பேசினாலும் வண்டி பாஷைதான் வரும். நெஞ்செரிச்சல் என்றால், "ரேடியேட்டர் கொதிக்குது." வயிறு உப்பினால், "டயர்ல காத்து ஜாஸ்தி." ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அவரிடம் வண்டி வார்த்தை இல்லை. சில மாதங்களாக மலத்தோடு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. கண்டுபிடித்தபோது குடலில் புற்று முற்றிப்போயிருந்தது. அதனால் வேனக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை. துணி துவைக்கும்போது கணவர்தான் கவனித்தார். வெல்டிங் பட்டறையில் வேலை, அளந்து பேசுகிற மனிதர். "குடலுக்குள்ள குழா விட்டுப் பாத்துடலாம். அரசாங்கக் காப்பீட்டுக் கார்டுதான் இருக்கே" என்றார்.

கார்டு இருந்தது. அதை எடுத்துக்கொள்கிற குடல் டாக்டர்தான் கிடைக்கவில்லை. பள்ளி விடும்வரை மதிலோரம் வண்டியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கிளினிக்காகப் போன் போடுவார். "அரசுக் காப்பீடா?" என்று கேட்கும்போதே எதிர்முனையில் குரல் இறங்கிவிடும். ஓரிடத்தில் காய்ச்சலுக்கு எடுப்பார்களாம், குடலுக்கு மாட்டார்களாம். "ஏம்மா, குடல் என்ன பக்கத்து வீட்டுக்காரனோடதா?" என்று கேட்டுவிட்டு வைத்தார். இன்னோரிடத்தில் பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். பாட்டு முடிந்ததும் லைனும் போய்விட்டது. இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறார். ஆனால் அந்த மதிலோரத்தில் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு, மகள் படிப்பை முடிக்கும்வரையாவது இருந்துவிட வேண்டுமே என்று அவர் நடுங்கியது நிஜம்.

ஒரு நாள் ஒரு பெண் குரல், "எடுப்போம்மா. எப்ப வர்றீங்க?" என்றது.

"அரசாங்கக் கார்டுங்க."

"ஆமாம்மா, அதுதான்."

"குடலுக்கும் எடுப்பீங்களா?"

"குடலுக்குத்தாம்மா நாங்களே இருக்கோம்."

வேனக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கை போய் ஹாரன்மேல் விழுந்தது. என்னவோ ஏதோ என்று பள்ளிக் காவலாளி ஓடி வந்தார்.

பரிசோதனைக்கு முன் குடலைக் கழுவ ஒரு மருந்துத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். இவரோ, பிள்ளைகளுக்குப் பள்ளி போய்விடுமே என்று, அதைக் குடித்துவிட்டுக் காலை ட்ரிப்பையும் எடுத்துவிட்டார். வேறு யாருக்கு வரும் இந்தத் துணிச்சல்! இரண்டு தெரு தாண்டவில்லை, வண்டியை நிறுத்திவிட்டு ஒரு பிள்ளையின் வீட்டுக்குள் ஓடினார். அடுத்த நிறுத்தத்திலும் அதே கதை. அதற்கடுத்த வீட்டம்மா, கேட்காமலேயே பாத்ரூம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். சேதி வண்டியை முந்திக்கொண்டு போயிருந்தது. அந்த வீட்டுக்காரரே சாவியை வாங்கி, பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டார். "அத்தனை வீட்டுக் கதவும் எனக்குத் திறந்துச்சு. எந்த மகாராணிக்குக் கிடைக்கும்?" என்பார்.

குடலில் ஒரு சின்னச் சதை வளர்ச்சி இருந்தது. குழாய் உள்ளே இருக்கும்போதே டாக்டர் அதை வெட்டி எடுத்துவிட்டார். அதைச் சோதனைக்கு அனுப்பியதன் முடிவு வந்த அன்று, கணவரின் சட்டைக் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார் வேனக்கா.

"கெட்டது எதுவும் இல்லம்மா. அப்படியே விட்டிருந்தா பின்னாடி மாறியிருக்கலாம். நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார் டாக்டர்.

வேனக்கா வாய்விட்டு அழுதார். கணவருக்கும் கண் கலங்கியது. வெல்டிங் கண்ணு, அப்படித்தான் தண்ணி வரும் என்று சமாளித்தார்.

வெளியே வந்ததும் வேனக்கா வரவேற்பு மேசைக்குப் போய், "அன்னிக்குப் போன்ல, கார்டு எடுப்போம்னு சொன்ன பொண்ணு யாரு?" என்று கேட்டார். புகார் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று பயந்து, ஓர் ஒல்லிப் பெண் மெதுவாக எழுந்தாள். வேனக்கா மேசைமேல் எட்டி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கும் கையை உருவிக்கொள்ள மனமில்லை.

மேசையில் போன் அடித்தது. அடிக்கட்டும் என்று அவள் நின்றாள். வேனக்காதான் சட்டென்று ஒரு கையை விட்டு, ரிசீவரை எடுத்து, அவசர அவசரமாக அவள் காதில் வைத்தார்.