மூலை மடித்த சீட்டு

தையலம்மாவைப் பற்றிக் கோயிலில் யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது. ஞாயிறு பூசைக்கு மணி அடிக்கிறதுக்குக் கால்மணி முன்னாலேயே இரண்டாவது வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவாள். பிழைப்புக்குப் பள்ளிச் சீருடை தைத்தாள். நான்கு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் இடுப்பும் தோளும் அவள் வீட்டு அளவு நோட்டுக்குள் அடக்கம். அந்த நோட்டை எழுதுவது மகள். மெஷினை மிதிப்பது இருவரும். ஆனால் கோயிலில் தையலம்மாவுக்கு மரியாதை வாங்கித் தந்தது தையல் இல்லை, சீட்டுப் பெட்டி.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரத்தைத் திருவருகைக் காலம் என்பார்கள். ஆண்டவர் வரக் காத்திருக்கிற காலம். இலை வளையத்தில் நான்கு மெழுகுவத்தி வைத்து, வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுவார்கள். இதோடு அந்தக் கோயிலில் இன்னொரு வழக்கமும் உண்டு. வேண்டுதல் உள்ளவர்கள் அதை ஒரு துண்டுத்தாளில் எழுதி, பேர் போடாமல், பெட்டியில் போட்டுவிட வேண்டும். முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரு தட்டில் கொட்டுவார்கள். எழுதினவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போய், நாலாம் ஞாயிறு வரைக்கும் தினமும் சாயங்காலம் அந்த முகம் தெரியாத ஆளுக்காக ஜெபிக்க வேண்டும். சீட்டில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. யாருடைய சீட்டு என்று தெரிந்துவிட்டாலும் மூச்சு விடக் கூடாது.

இந்தச் சட்டமெல்லாம் போட்டவள் தையலம்மாதான். அதைப் பத்து வருஷமாக மீறிக்கொண்டு வந்தவளும் அவளேதான்.

தாளை வெட்டித் தருவது அவள், தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அவள். தன்னுடைய சீட்டின் வலது மூலையை மட்டும் நகத்தால் அழுத்தி ஒரு மடிப்பு மடித்துவிடுவாள். கால்சட்டை ஓரத்துக்குப் போடுகிற அதே மடிப்பு. வரிசையில் நர்சம்மா வரும்போது தட்டு தானாகக் கொஞ்சம் சாயும், மூலை மடித்த சீட்டு நர்சம்மாவின் விரலுக்கடியில் போய் நிற்கும். நர்சம்மா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் ஜெபித்துத்தான் ஒருத்திக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்துக் குழந்தை பிறந்தது, இன்னொருத்தருக்குக் கண்பார்வை திரும்பியது என்று ஊருக்குள் பேச்சு. அப்படிப்பட்டவர் கையில் கொடுக்காமல், பாதி ஜெபத்தில் கொட்டாவி விடுகிற ஆள் கையில் தன் மகனைக் கொடுப்பாளா?

ஆமாம், மகன்தான். சீட்டில் வருஷா வருஷம் ஒரே வரி: 'என் மகன் வீட்டுக்குத் திரும்பி வரணும்.'

அவன் போன கதையையும் சொல்லிவிடுகிறேன், அதில் தையலம்மாவுக்குப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் பெட்டி கிடையாது. பூசை நடுவில் வேண்டுதல் உள்ளவர்கள் எழுந்து நின்று வாய்விட்டுச் சொல்வார்கள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு திருவருகைக் காலத்து ஞாயிறு, தையலம்மா எழுந்து நின்று, "என் மகன் குடியை விடணும்னு எல்லாரும் ஜெபிச்சுக்குங்க" என்றாள். கோயிலே உருகிப் போனது. ஆனால் அன்றைக்கு, கோயில் பக்கமே வராத மகன் வந்திருந்தான். கடைசி வரிசையில், சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தான். அத்தனை தலையும் திரும்பி அவனைப் பார்த்தது. புதன்கிழமை ஒரு பையை எடுத்துக்கொண்டு போனவன், போனவன்தான். ஒரு கடிதம் இல்லை, ஒரு ஃபோன் இல்லை.

அடுத்த வருஷம் அவள் ஃபாதரிடம் போய், "எல்லார் முன்னாடியும் சொல்றது நல்லா இல்ல ஃபாதர், பேர் போடாம எழுதிப் போடலாமே" என்றாள். எத்தனை நல்ல யோசனை என்று ஃபாதர் பிரசங்கத்திலேயே பாராட்டினார். அந்த யோசனைக்கு அவள் என்ன விலை கொடுத்தாள் என்று மகளைத் தவிர யாருக்கும் தெரியாது.

இந்த வருஷம் முதல் ஞாயிறு. நர்சம்மா வந்தார். தட்டு சாய்ந்தது. நர்சம்மா மடித்த மூலையைப் பார்த்தார், தையலம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"பத்து வருஷமா எனக்கு இதே சீட்டுதான் வருது" என்றார், காதோடு காதாக. "ஆண்டவருக்கும் மனப்பாடம், எனக்கும் மனப்பாடம். இந்தத் தடவை வேற யாராவது கேட்டுப் பாக்கட்டும் தையலம்மா."

வேறொரு சீட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தையலம்மாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம் யார் வந்தார்கள், யார் எதை எடுத்தார்கள் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. தட்டில் கடைசியாக இரண்டு சீட்டு மிஞ்சியது. நிற்பதும் இரண்டு பேர், அவளும், ஃபாதருக்குத் துணையாக ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாரும். உபதேசியார் நல்ல மனுஷர், கொட்டாவி விடுகிறவர். அவர் மூலை மடித்ததை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். மிச்சமிருந்ததை அவள் எடுத்துப் பிரித்தாள்.

'எங்கள் வீட்டில் காத்திருப்பது முடியணும். அண்ணன் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. எனக்கு 38 ஆகிறது.'

எழுத்தைக்கூட அவள் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த 38 போதும். மூன்றின் வயிறு கொஞ்சம் உள்வாங்கி, எட்டின் தலை சின்னதாகி, இருபது வருஷமாக அளவு நோட்டில் அவள் தினமும் பார்க்கிற 38. அந்த எண்ணைப் பார்த்து எத்தனை சட்டைக்குத் துணி வெட்டியிருப்பாள்.

அன்று சாயங்காலம் அம்மாவும் மகளும் வழக்கம்போல முன்னறையில் வெட்டுமேஜைக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டார்கள். மகள் கண்ணை மூடி, தனக்கு வந்த சீட்டுக்காக உதட்டை அசைத்தாள். தையலம்மா அசைக்கவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கூடப் பிறந்தவன் வராவிட்டாலும் சரியாமே! சோறு இறங்குகிறதா இவளுக்கு? சட்டத்தை நினைத்து வாயைக் கட்டிக்கொண்டாள், ஆனால் கோபம் வேறு வழியில் வந்தது.

"இது என்ன தையலா? நாய் கடிச்ச மாதிரி இருக்கு. பிரி" என்று மறுநாள் ஒரு பாவாடையைத் தூக்கி எறிந்தாள்.

மகள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பாவாடையை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். "நேராத்தானேம்மா இருக்கு" என்றாள். பிறகு உட்கார்ந்து பிரித்தாள். அந்த வீட்டில் அவள் அதிகம் பேசியதில்லை.

இரண்டாம் வாரம் தையலம்மாவுக்குப் பயம் பிடித்தது. எடுத்த சீட்டுக்கு ஜெபிக்காவிட்டால், தன் சீட்டுக்கும் அங்கே எவரும் ஜெபிக்காமல் போவார்களோ என்ற கணக்கு. பக்தி என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். சீட்டை மகள் கண்ணில் படாமல் துணியில் கோடு போடுகிற நீலச் சாக்கட்டி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அதை எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டு, முழங்கால் போட்டு, வாய்க்குள் சொல்வாள்: 'எங்கள் வீட்டில் காத்திருப்பது முடியணும். அண்ணன் வந்தாலும் சரி.' அங்கே நிறுத்திவிடுவாள். அடுத்த இரண்டு வார்த்தையை விட்டுவிட்டு, சீட்டை மறுபடி டப்பாவில் போட்டுவிடுவாள். குறைக்கக் கூடாது என்று சட்டம் போட்டவள் ஏழு நாளும் குறைத்துத்தான் சொன்னாள்.

ஆனால் ஒரு வரியைத் தினமும் சொன்னால் அது சும்மா இருப்பதில்லை. துணி வெட்டும்போது வந்து நிற்கிறது, பட்டன் வைக்கும்போது வந்து நிற்கிறது. எங்கள் வீட்டில் காத்திருப்பது. யார் காத்திருந்தது? நான்தானே காத்திருந்தேன், இவளுக்கு என்ன வந்தது என்று வாதாடிப் பார்த்தாள். வாதாடினால் பதில் வந்தது. நூல்கடைக்காரர் தன் தம்பிக்காக இரண்டு தடவை வீடு தேடி வந்து பெண் கேட்டார். "அவ அண்ணன் வரட்டும், வந்து முன்னால நின்னு நடத்தட்டும்" என்று சொல்லி அனுப்பியது யார்? அந்தத் தம்பிக்கு இப்போது மூன்று பிள்ளைகள், மூன்று பேருக்கும் சீருடை இங்கேதான் தைக்கிறது, மூன்று பேரின் அளவையும் எழுதினது மகள்.

அப்புறம் அந்த அறை. வீட்டில் இருப்பது இரண்டே அறை. பின்னறை மகனுடையது. பதினொரு வருஷமாகப் பூட்டியிருக்கிறது. சனிக்கிழமை தோறும் தையலம்மா திறந்து தூசி தட்டி, கட்டில் விரிப்பை இழுத்துவிட்டு, மறுபடி பூட்டுவாள். மகள் படுப்பது முன்னறையில், வெட்டுமேஜைக்கு அடியில் கால் நீட்டி. காலையில் எழுந்தால் தலைமுடியில் நூல் துணுக்கு ஒட்டியிருக்கும். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட, அந்தக் கட்டில் சும்மாதானே கிடக்கிறது என்று அவள் கேட்டதில்லை. தையலம்மாவுக்கும் தோன்றியதில்லை. தோன்றவில்லை என்பதை நினைத்தபோதுதான் அவளுக்கு முதல் தடவையாகத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

மூன்றாம் ஞாயிறு. நான்கில் அந்த ஒரு மெழுகுவத்தி மட்டும் இளஞ்சிவப்பு, மகிழ்ச்சியின் வாரம் என்பார்கள். அன்று சாயங்காலம் தையலம்மா முழங்கால் போட்டு, பக்கத்தில் கண்மூடியிருந்த மகளைப் பார்த்தாள். காதோரம் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது? கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் சொன்னாள். 'வராவிட்டாலும் சரி' என்றும் சொன்னாள். சொல்லும்போது பெற்ற பிள்ளையைத் தன் கையாலேயே மண்ணுக்குள் வைத்து மூடுகிற மாதிரி இருந்தது. ஆமென் என்று முடித்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

மறுநாள் மகள் பட்டன் வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரம் பின்னறையைத் திறந்தாள். மகனுடைய சட்டைகளை ஒரு மூட்டையாகக் கட்டினாள். புது விரிப்புப் போட்டு, மகளுடைய தலையணையைக் கொண்டுபோய் வைத்தாள். பூட்டைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டாள்.

மகள் வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இது எதுக்கும்மா இப்போ?"

"இனிமே நீ இங்க படு."

மகள் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. பட்டன் பொட்டலத்தைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னாள்: "வேணாம்மா. நான் சொல்லணும்னு இருந்தேன். வேற ஊர்ல ஒரு கம்பெனி, ரெடிமேட் துணி. அளவு பாக்குற பிரிவுக்கு ஆள் கேட்டிருந்தாங்க. எழுதிப் போட்டிருந்தேன். இப்பத்தான் வழியில ஃபோன் வந்துச்சு. அடுத்த திங்கக்கிழமை வரச் சொல்றாங்க. தங்குறதுக்கு இடமும் தர்றாங்க."

"கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போதா?"

"ஆமா." இந்த வருஷங்களில் பார்க்காத ஒரு சிரிப்போடு சொன்னாள்: "பெட்டியில ஒரு சீட்டுப் போட்டேம்மா. யார் கைக்குப் போச்சோ தெரியல. யாரோ ரொம்ப மனசார ஜெபிச்சிருக்காங்க. மூணாவது வாரமே பதில் வந்துடுச்சு பாரேன்."

தையலம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். பதினொரு வருஷம் மகனுக்காக முட்டி தேய முழங்கால் போட்டாள், ஆண்டவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே ஒருநாள், வேண்டா வெறுப்பாக, இன்னொருத்தி எழுதித் தந்ததைச் சொன்னாள், அதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாராம். இது என்ன நியாயம் என்று சுவரில் இருந்த சிலுவையைப் பார்த்துக் கேட்கத் தோன்றியது. மகள் எதிரில் நின்றதால் கேட்கவில்லை. "நல்லது" என்று மட்டும் சொன்னாள்.

நாலாம் ஞாயிறு, சீட்டுகளைத் திருப்பித் தருகிற நாள். எல்லாம் தட்டில் வந்து சேரும். வேண்டியது கிடைத்தவர்கள் தங்கள் சீட்டைத் தேடி எடுத்து, பின்பக்கம் 'கிடைத்தது' என்று எழுதி, கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பக்கத்தில் துணி போர்த்திய பலகையில் குத்துவார்கள். கிடைக்காதவற்றைத் தணலில் போட்டுச் சாம்பிராணி இடுவார்கள். தையலம்மா குண்டூசி டப்பாவோடு பலகைக்குப் பக்கத்தில் நின்றாள். உபதேசியார் மூலை மடித்த சீட்டைக் கொண்டுவந்து, மடிப்புக் கலையாமல், தட்டில் போட்டார். அவர் அதைப் பிரித்துப் பார்த்தாரா என்பதே சந்தேகம்.

மகள் தன் சீட்டைக் கண்டெடுத்தாள். திருப்பினாள். விரலில் ஏதோ ஒட்டியது. நீலப்பொடி. சாக்கட்டிப் பொடி. கோயிலுக்கு வருகிறவர்களில் சாக்கட்டி டப்பா வைத்திருப்பது ஒரே வீடுதான்.

அவள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். தையலம்மா குண்டூசி எண்ணுகிறவள்போலக் குனிந்துகொண்டாள்.

"எழுதினபடியே சொன்னியாம்மா?" மகளின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கடைசி வரைக்கும்?"

சட்டப்படி வாய் திறக்கக் கூடாது. "மூணாம் வாரம்தான் சொன்னேன்" என்றாள் தையலம்மா. "அதுவரைக்கும் பாதிதான்."

மகள் பென்சிலை எடுத்தாள். 'பாதி கிடைத்தது' என்று எழுதினாள்.

தையலம்மா அதைப் படித்தாள். பிறகு தட்டில் கிடந்த தன்னுடைய சீட்டை எடுத்து, மூலையைக்கூடப் பிரிக்காமல், தணலில் போட்டாள். அது சுருண்டு கருகும் வரை நின்றாள்.

"பாதியை அடிச்சிடு" என்றாள். "முழுசா எழுது."

மகள் அடித்து எழுதினாள். தையலம்மா குண்டூசியை எடுத்துக் கொடுத்தாள். பலகையில் குத்திவிட்டு, மத்தியான பஸ்ஸில் மகள் போனாள். போய்ச் சேர்ந்ததும் ஃபோன் பண்ணு என்று அம்மா சொல்லவில்லை. சொன்னால் காத்திருக்க வேண்டுமே.

திங்கட்கிழமை காலையில் முடிக்க வேண்டிய சட்டைகள் பதினாறு இருந்தன. முன்னறை ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். விளக்கைப் போட்டும் ஊசிக்கண் தெரியவில்லை. எப்போதும் நூல் கோர்த்துத் தருவது மகள். நாலு தடவை முயன்று பார்த்துவிட்டு, எரிச்சலில் மெஷினைத் தரதரவென்று பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அந்த ஜன்னலைத் திறந்தாள். காலை வெயில் நேராக உள்ளே விழுந்தது, மெஷின் மேலேயே விழுந்தது. இப்படி ஒரு வெளிச்சம் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதைப் பூட்டி வைத்துவிட்டு, இரண்டு பேரும் அந்த இருட்டு முன்னறையில் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம், அந்தப் பெண்ணுக்கு இருபத்தொன்பது வயதிலேயே கண்ணாடி வந்தது.

நூல் முதல் தடவையிலேயே ஊசிக்கண்ணில் ஏறியது. அதைப் பார்த்துத்தான் தையலம்மா அழுதாள்.