மூச்சுக்கு ஏறிய கோடு

கல்யாணப் பந்தியில் பாயசம் வந்தால் கையால் மறித்துவிடுவேன். ஏலக்காய் மணம் எனக்குக் குமட்டும். எங்கள் ஆய்வு வழிகாட்டி, நாங்கள் சார் என்று அழைத்தவர், ஓயாமல் ஏலக்காய் மெல்லுவார்.

கிராஃபீன் என்பது கார்பனின் ஓர் அணு கனமே உள்ள படலம். அதன்மேல் வெளிச்சம் பட்டால் மின்னோட்டம் மாறும். அதை வைத்து ஒளியை உணரும் கருவி செய்வதுதான் எங்கள் ஆய்வகத்தின் வேலை. எனக்கு மூத்த ஆய்வு மாணவியான அக்கா படலத்தை உரித்து, நகமளவு சிலிக்கன் சில்லில் ஒட்டித் தருவார். அளவெடுப்பது மட்டும் சார். விளக்கைப் போட்டுவிட்டுச் சில்லின் மேல் குனிந்து, "ஏறுது பாத்தியா?" என்பார். திரையில் கோடு ஏறும். அக்காவின் பெயரை முதலில் போட்டுக் கட்டுரையும் வெளிவந்தது. அன்று அக்கா வீட்டிலிருந்து எங்களுக்கெல்லாம் கேக் வந்தது.

அந்த மழைக்காலத்தில் சார் விடுப்பில் இருந்தபோது அக்கா தானே அளந்தார். விளக்கு எரிந்தது, கோடு அசையவில்லை. சில்லு கெட்டுவிட்டதோ என்று உற்றுப் பார்க்கக் குனிந்தார். கோடு ஏறியது. விளக்கை அணைத்துவிட்டு ஊதினார். அப்போதும் ஏறியது. படலம் உணர்ந்தது வெளிச்சத்தை அல்ல, மூச்சின் ஈரத்தை. சார் வந்ததும் அக்கா சொன்னார். அவருக்கு முகம்கூட மாறவில்லை.

"மக்கா, எனக்குத் தெரியாதா? அடுத்த வாரம் ஆய்வகத்தப் பாக்க ஆளு வருது. லைட்டப் போடும்போ நீ லேசா ஊது. ஒரு மனுசனுக்கும் தெரியாது."

தெரியாமல் செய்த பிழை என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆராய்ச்சியில் அது யாருக்கும் நேரும். ஊதச் சொன்னாரே, அதுதான் இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை.

வெளியூர்ப் பேராசிரியர்கள் வந்தார்கள். அக்கா விளக்கைப் போட்டுவிட்டுப் பின்னால் தள்ளி நின்றார். கோடு படுத்தே கிடந்தது. சார் ஏலக்காயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, விளக்கம் சொல்வதுபோலக் குனிந்து நீட்டி முழக்கினார். கோடு ஏறியது. கைதட்டினார்கள்.

"அது லைட்டு இல்ல, சாருக்க மூச்சு," என்றார் அக்கா. "லைட்ட அணைச்சிட்டு ஊதிப் பாருங்க."

ஒருவரும் ஊதிப் பார்க்கவில்லை. காப்பி ஆறிவிடும் என்று எழுந்து போனார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு ஆள் போதாது, பந்தியே கூட வேண்டும்.

அக்காவின் ஆய்வேட்டில் சார் கையெழுத்துப் போடவே இல்லை. ஆய்வுப் பட்டத்துக்கான பதிவுக்காலமும் முடிந்து போனது. நான் வேறு கல்லூரிக்கு மாறிப் பட்டம் வாங்கினேன். இப்போது சார் ஓய்வு பெறுகிறாராம், பாராட்டு மலருக்கு நாலு நல்ல வார்த்தை கேட்கிறார்கள். எனக்குக் காறித் துப்பத்தான் வருகிறது.

போன வாரம் புதுக்கடை பேருந்து நிலையத்தில் அக்காவைப் பார்த்தேன். டியூஷன் எடுக்கிறார். மலர் விஷயத்தைச் சொன்னேன். அதை அவர் காதில் வாங்கவில்லை.

"அந்தக் கட்டுரை இப்பவும் நெட்டில கெடக்கா?"

"கெடக்கு அக்கா."

"ஜர்னல்காரங்ககிட்ட எனக்க பேர எடுக்கச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. பட்டம் தரல்ல, அது போகட்டு. டியூஷனுக்கு வாற பிள்ளை ஒருத்தி எனக்க பேரத் தேடி அந்தக் கட்டுரைய எடுத்திருக்கா. டீச்சர் பெரிய ஆளாக்கும்னு எல்லாருக்கும் காட்டுகா மக்கா. நான் அவகிட்ட என்னத்தச் சொல்ல?"