அத்தை ஓட்டிப் போன வாடகை சைக்கிள்

1999-ம் வருடம், பொங்கல் முடிந்த அடுத்த வாரம். எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அணுபுரத்தில் கணவரின் ஆபீஸ் கொடுத்த குவார்ட்டர்ஸ். நான் சேலத்துக்காரி, கணவருக்கு அம்பாசமுத்திரம் பக்கம். பொங்கலுக்கு என் மாமியார் முதல்முறையாக எங்களோடு தங்க வந்திருந்தார்.

அத்தை என்னைக் குறை சொல்லவே இல்லை. பிரச்னையே அதுதான். எது கேட்டாலும் "சரி", இல்லாவிட்டால் "ம்". நான் துடைத்து வைத்த அடுப்பை, நான் அந்தப் பக்கம் போனதும் இன்னொரு தடவை துடைப்பார். இரண்டு அறை வீட்டில் பத்து நாளாக நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் மரியாதையாக வழிவிட்டுக்கொண்டே இருந்தோம்.

ஒரு புதன்கிழமை மாமல்லபுரம் போவதாகத் திட்டம். கிளம்பும் நேரத்தில் கணவருக்கு ஆபீஸிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மாவுக்குக் கூட்டம்னா பயம். கையைப் பிடிச்சே கூட்டிட்டுப் போ" என்றார்.

கையைப் பிடித்தே கூட்டிப்போனேன். கடற்கரைக் கோயில், பெரிய பாறைச் சிற்பம், உருண்டைக் கல் எல்லாம் பதினோரு மணிக்குள் முடிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும்போது அத்தை நின்றார். "அந்தத் தெருவுல என்ன இருக்கு?"

பத்து நாளில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி! உடனே அந்தப் பக்கம் திரும்பினேன்.

அடேயப்பா! எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேர பஸ் தூரத்தில் இப்படியொரு உலகம் இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. மொட்டை மாடியெல்லாம் கீற்றுக் கொட்டகை போட்ட ஓட்டல். லுங்கி கட்டிய வெள்ளைக்காரர்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். கிராப்பு வெட்டிய ஒரு பெண் இருக்கிற கொஞ்சம் முடியில் ஹேர்பின் குத்தி ஒரு முழம் மல்லிகையைத் தொங்கவிட்டிருக்கிறாள். ஒரு தையல்காரர் பட்டுப் புடவையை வெட்டி பேன்ட் தைக்கிறார். பழைய புத்தகக் கடையில் ஏதேதோ நாட்டு பாஷைகளில் ஆயிரம் புத்தகம், என்னால் ஒன்றின் தலைப்பைக்கூடப் படிக்க முடியவில்லை. சிற்பக் கூடத்து வாசலில் கிரிக்கெட் மட்டையோடு ஒரு பிள்ளையார். வேலை நாள் பகல் பதினோரு மணிக்கு ஒருவன் மாடியில் உட்கார்ந்து தாளம் தட்டிக்கொண்டிருக்கிறான், பத்து பேர் கண்ணை மூடிக் கேட்கிறார்கள். எனக்கானால் ஒரே சிரிப்பு, ஒரே குஷி.

ஒரு குட்டைச் சுவரில் இடுப்பு வரை சடை தொங்கும் ஒரு வெள்ளைக்காரர் படுத்திருந்தார். கிழிந்த பனியன், வயிற்றின் மேல் ஒரு நாய்க்குட்டி. கஞ்சாவாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே முடிவு கட்டி, "பாக்காதீங்க அத்தை, வாங்க" என்று இழுத்தேன். அத்தை நின்று நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

தெருவின் பாதியில் வாடகை சைக்கிள் கடை. வரிசையாக நின்ற லேடீஸ் சைக்கிள்களில் ஒன்றின் பெல்லை அத்தை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒரு ரவுண்டு ஓட்டட்டுமா?" என்றார். என்னிடம் அனுமதி கேட்கிறார்! நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர், "இன்னா பெரீம்மா, ஓட்டத் தெரியுமா? வுயுந்து கிய்ந்து வெச்சா பேஜாரு" என்றார்.

அத்தை முந்தானையை இடுப்பில் செருகினார், கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் சொருகினார், ஒரு காலால் இரண்டு உந்து உந்தி ஏறி உட்கார்ந்துவிட்டார். "முக்கு வரைக்கும்தான்" என்று சொன்னது காற்றில் வந்தது.

முக்கு வரை போனவர் திரும்பவில்லை.

பத்து நிமிஷம். அரை மணி. ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. தெருவில் மேலும் கீழும் ஓடினேன். டீ வாங்கப் போயிருந்த கடைப்பையன் வந்து, "மெயின் ரோட்டாண்ட பாத்தேன்க்கா. வடக்கால திரும்பிச்சு. பெல்லு அடிச்சிகினே போவுது" என்றான்.

மெயின் ரோடு என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை. லாரியும் பஸ்ஸும் பறக்கிற சாலை. கையைப் பிடித்துக் கூட்டிப் போகச் சொன்ன மனுஷனிடம், உங்கம்மாவைத் தொலைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வேன்? செல்போன் கிடையாது. ஆட்டோ ஒன்றும் கண்ணில் படவில்லை. நடுத்தெருவில் நின்று அழுதுவிட்டேன்.

அப்போது என் முன்னால் வந்து நின்றார் சடைக்காரர். என்னவோ கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மதர்-இன்-லா, சைக்கிள், மிஸ்ஸிங் என்று அழுதுகொண்டே சொன்னேன். நாய்க்குட்டியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு ஓடினார். ஒரு பழைய மொபெட்டோடு வந்து, பின் சீட்டைத் தட்டி, "அம்மா எங்க? போலாம், சீக்கிரம் போலாம்" என்றார், தமிழில்.

நான் தயங்கினேன். புதுத்தாலியோடு, முன்பின் தெரியாத ஒரு ஆள் வண்டியில், அதுவும் இப்படி ஒரு கோலத்தில் இருக்கும் ஆள் வண்டியில் ஏறுவதா? குவார்ட்டர்ஸ்காரர்கள் யாராவது பார்த்தால்? கடைக்காரரைப் பார்த்தேன். "போம்மா, தங்கமான ஆளு. மூணு மாசமா இங்கதான் கீறாரு" என்றார்.

ஏறினேன். பின்னாலிருந்த கம்பியை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அத்தனை பயத்துக்கு நடுவிலும் எனக்குப் பறப்பது போல இருந்தது. எங்கள் வீட்டில் அப்போது வண்டி கிடையாது. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, இடையிடையே நீலமாகக் கடல், முகத்தில் உப்புக் காற்று, என் முகத்துக்கு முன்னால் ஆடும் சடைகள். எதிரே ஒரு பஸ் வந்தது. ஜன்னலோரத்தில் எங்கள் எதிர்வீட்டு அக்கா. அவர் வாய் திறந்தது திறந்தபடியே கடந்து போனது.

ஒவ்வொரு லாரியைத் தாண்டும்போதும் சாலையோரத்தைப் பார்க்கப் பயந்தேன். நாலைந்து கிலோமீட்டர் போயிருப்போம். புலிக்குகை தாண்டி, ஒரு சவுக்கு மரத்தடியில் சைக்கிள் தலைகீழாக நின்றது. பக்கத்தில் அத்தை குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கழன்ற செயினைக் குச்சியால் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை கிரீஸ். கன்னத்திலும் ஒரு தீற்றல்.

மொபெட் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். வண்டி ஓட்டியவரை, தலை முதல் கால் வரை பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"ஏளா, நானாவது சைக்கிள்லதாம்ளா வந்தேன்!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அப்படியொரு சிரிப்பை எங்கள் வீட்டில் யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். சடைக்காரரும் காரணம் புரியாமலே சிரித்தார்.

அவர் ஒரு நிமிஷத்தில் செயினை மாட்டிவிட்டார். என் பையிலிருந்த எலுமிச்சை சாதத்தை மூன்று பேரும் மணலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அத்தை அவருக்கு இரண்டாம் தடவையும் அள்ளி வைத்தார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பத்தாப்பு வரைக்கும் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள்லதான் போவேன். கல்யாணத்துக்குப் பொறவு தொடல. யாரும் வேண்டாம்னும் சொல்லல, ஓட்டுன்னும் சொல்லல. முக்குலயே திரும்பணும்னுதான் நெனச்சேன். கடலு தெரிஞ்சுது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு வந்துட்டேன். நீ பயந்துட்டியோ?"

திரும்பும்போது நான் அத்தையின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தேன். எங்களுக்குப் பின்னால், லாரிகள் ஒதுங்கிப் போகும்படி, சடைக்காரர் மொபெட்டை மெதுவாக ஓட்டிக்கொண்டு தெரு வரை வந்தார். கடைக்காரர், "இன்னா பெரீம்மா, மெட்ராஸுக்கே பூட்டன்னு நென்ச்சேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் வாசலிலேயே நின்றார். முகம் இறுகியிருந்தது. எதிர்வீட்டு அக்கா எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தார். "யார் வண்டியில போன நீ?" என்றார் கணவர் என்னைப் பார்த்து.

அத்தைதான் முன்னால் வந்தார். கிரீஸ் போகாத இரண்டு கைகளையும் மகன் முன்னால் நீட்டினார்.

"நான் சொல்லாம கொள்ளாம சைக்கிள எடுத்துட்டு ஓடிப்போனேன். என்னத் தேடித்தான் அவ ஏறினா. எதுவும் கேக்கணும்னா என்னக் கேளு."

கணவர் அந்தக் கைகளைப் பார்த்தார். கோபமெல்லாம் எங்கே போனதோ, சின்னப் பிள்ளை மாதிரி, "உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். இருபத்தேழு வயது மகன் கேட்ட கேள்வி அது.

அத்தை ஊருக்குக் கிளம்பும் வரை மீதி நாட்களில் நாங்கள் இருவரும் பேசித் தீர்த்தோம். அடுப்பை யார் துடைத்தோம் என்பதே எனக்கு நினைவில்லை. அந்தச் சடைக்காரர் பெயரைக் கேட்கத் தோன்றாமல் போனதுதான் இன்றும் உறுத்துகிறது. ஒரே நாளில் இரண்டு பேரை நான் தப்பாக எடை போட்டிருந்தேன். அதனால்தான் இப்போதெல்லாம் ஒருவரைப் பற்றி மனசு அவசரமாக முடிவு கட்டும்போது, முதலில் அவரிடம் ஏதாவது ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன்.