மூன்று ஜான்சன்களும் இரண்டு தந்திகளும்

தபால் அறை வேலையில் ஒரு விசேஷம் உண்டு. கடிதம் வராவிட்டால் நாம்தான் தொலைத்தோம். வந்த கடிதத்தில் கெட்ட சேதி இருந்தால் அதையும் நாம்தான் கொண்டுவந்தோம். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவர்களுக்கு, அது பாங்கோ ரயில்வேயோ ரேஷன் கடையோ, நான் விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளின் கடைசியில் சவூதி அரேபியாவில், யான்புவில் நான் மெயில் கிளார்க். கடலோரத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை எழும்பிக்கொண்டிருந்த நேரம். கட்டுகிற கம்பெனி அமெரிக்கக் கம்பெனி. ஃபோர்மேன், சூப்பர்வைசர் எல்லாம் அமெரிக்கர்கள், அதில் பாதிப்பேர் ஒரே மாநிலத்துக்காரர்கள். திருச்சியில் பதினோரு வருஷம் தபால் பிரித்த கை என்று என்னை எடுத்தார்கள். ஜித்தாவிலிருந்து வாரம் இரண்டு தடவை மூட்டை வரும். அதை வேனில் கொண்டுவருகிறவர் என் ரூம்காரர் முருகையா, அறந்தாங்கிப் பக்கம். மூட்டையைப் பிரித்து, பேர் ஒட்டின மரக் கட்டங்களில் கடிதங்களை வைப்பதும், போகிற கடிதம், தந்தியை ஊருக்குள் தபால் ஆபீஸில் சேர்ப்பதும் என் டியூட்டி.

எந்த ஜான்சன்?

எங்கள் கேம்ப்பில் ஜான்சன் என்று மூன்று பேர். பி. ஜான்சன் கிரேன் பகுதி, கே. ஜான்சன் ஸ்டோர், ஆர். ஜான்சன் வெல்டிங் இன்ஸ்பெக்டர். ஒருநாள் ஒரு உறை வந்தது. கோழி கிளறின மாதிரி எழுத்து. ஜான்சன் என்பதையே யூகித்துத்தான் படித்தேன். முன்னால் இருந்த ஒற்றை எழுத்து ஆரா, பீயா, கேயா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் விளங்கவில்லை. பதினோரு வருஷ அனுபவம் பீ என்றது. கிரேன்காரர் கட்டத்தில் வைத்துவிட்டேன்.

அரைமணி நேரத்தில் அவர் உறையோடு திரும்பி வந்தார். நல்ல மனுஷன், கோபப்படவில்லை. கவுண்டரில் வைத்துவிட்டுச் சொன்னார்: "முதல் வரியோட மூடிட்டேன். 'அன்புள்ள அப்பா'ன்னு ஆரம்பிக்குது. எனக்கு மூணும் பொண்ணு, மூணுக்கும் எழுத்து முத்து முத்தா இருக்கும்."

முடிந்த மேட்சுக்குச் சண்டை

ஸ்டோர் ஜான்சனுக்குப் பிள்ளைகள் இல்லை, ஆகவே அந்த உறை ஆர். ஜான்சனுடையது. ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாத ஆள். சத்தமெல்லாம் வேறொருவர் கணக்கில்: எலக்ட்ரிகல் சூப்பர்வைசர் ஹாரிஸ். தன் ஊர்ப் பேப்பருக்குச் சந்தா கட்டி வரவழைப்பார். அது வந்து சேரப் பன்னிரண்டு நாளாகும். வந்ததும் என் கவுண்டரிலேயே விரித்துப்போட்டு, பத்துப்பேர் கூடி, அவர்கள் மாநிலக் கல்லூரி ஃபுட்பால் டீமைப் பற்றி வாக்குவாதம் நடக்கும். பின்னால் நிற்கிற பாவப்பட்டவனுக்கு ஸ்டாம்ப்கூட கொடுக்க முடியாது.

அவர்கள் ஃபுட்பாலில் பந்தைக் கையால்தான் எறிகிறார்கள். எறிகிறவனுக்குக் குவாட்டர்பேக் என்று பேர். பந்து யாரிடம் போக வேண்டும் என்பதெல்லாம் அவன் தீர்மானம், தோற்றால் அவன் தலைதான் உருளும். அந்த டீமில் அப்படி இரண்டு பேர். டக்கர் கடைசி வருஷப் பையன், நிதானக்காரன். இன்னொருவன் இரண்டாம் வருஷம், தூரமாக எறிவானாம், அவன் பேரும் ஜான்சன். அவர்கள் பக்கம் ஜான்சன் நம் ஊர் முருகன் மாதிரி, தெருவுக்கு நாலு பேர். அதனால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. கோச் டக்கரையே முதலில் இறக்கிக்கொண்டிருந்தார். வருகிற சனிக்கிழமை ஜான்சனை இறக்க வேண்டும் என்று ஹாரிஸ் மேஜையைத் தட்டுவார். வருகிற சனிக்கிழமை என்று அவர் சொல்வது போன சனிக்கிழமை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் நான், "சார், அந்த மேட்ச் முடிஞ்சே அஞ்சு நாளாச்சே" என்றேன். ஹாரிஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அங்க முடிஞ்சிருக்கலாம். இங்க இன்னும் பேப்பர் வரலை" என்றார்.

நோட்டீஸ் போர்டில் ஓட்டு

சீசனின் பெரிய மேட்ச் ஒன்று மூன்று வாரம் தள்ளி இருந்தது. இதற்காவது நேரத்தோடு நம் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடலாம் என்று ஹாரிஸ் என் நோட்டீஸ் போர்டில் ஒரு தாளை ஒட்டினார். ஒரு பக்கம் டக்கர், மறுபக்கம் ஜான்சன். பிடித்தவனுக்குக் கீழே ஒரு கோடு போடலாம். முடிவைக் கோச்சுக்குத் தந்தியடிப்பதாக ஏற்பாடு. என்னுடைய லீவு நாள் அறிவிப்புகளையெல்லாம் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டார்கள்.

ஒரு வாரத்தில் ஜான்சன் பக்கம் வேலி கட்டின மாதிரி கோடுகள். டக்கர் பக்கம் மூன்றே மூன்று. அன்றைக்கு ஆர். ஜான்சன் தபால் வாங்க வந்தார். ஹாரிஸ் அவர் தோளில் கைபோட்டுப் பென்சிலைக் கொடுத்து, "உன் பேர்க்காரனுக்கு ஒரு கோடு போடு" என்றார். அவர் டக்கர் பக்கம் நாலாவது கோட்டைப் போட்டுவிட்டு வெளியே போனார். எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள். ஹாரிஸ் மட்டும் சிரிக்கவில்லை. "சொந்தப் பேருக்கே ஓட்டுப் போடாதவனை இன்னிக்குத்தான் பாக்கிறேன்" என்றார்.

இரண்டாவது தந்தி

மேட்ச் நடக்கிற வாரம் ஹாரிஸ் தந்தியை நானே ஊருக்குள் கொண்டுபோய்க் கொடுத்தேன். 'முகாம் முழுவதும் ஜான்சன் பக்கம். சனிக்கிழமை அவனை இறக்கவும்' என்று வாசகம். திரும்பி வந்து சாப்பாட்டுக்குக் கவுண்டரை அடைக்கிற நேரம் ஆர். ஜான்சன் வந்தார். "அது போயாச்சா?" என்றார். போயாச்சு என்றேன். ஒரு தந்தி ஃபாரம் கேட்டார். ஒரு ஃபாரத்தைக் கிழித்துப் போட்டு, இரண்டாவதில் எழுதிக் கொடுத்தார். கடிதத்தைப் படிப்பது பாவம், தந்தியைப் படிப்பது உத்தியோகம். படித்தேன். அதே கோச்சுக்கு. 'என் மகன் தோளில் காயம். மறைக்கிறான். டாக்டரிடம் காட்டவும். ஜான்சனின் தந்தை.'

அவரே சொன்னார். பையன் பயிற்சிக்கு முன்னால் மாத்திரை போட்டுக்கொண்டு எறிகிறானாம். ராத்திரி மாத்திரை வேகம் இறங்கினால் வலது கையால் பேனா பிடிக்க முடியவில்லையாம், இடது கையால் எழுதுகிறானாம். இந்த ஒரு மேட்ச் ஆடிவிட்டால் போதும், கோச்சிடம் மூச்சு விடாதே அப்பா என்று சத்தியம் கேட்டிருக்கிறான். அந்தக் கோழிக் கிளறல் எழுத்தின் கதை எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதைத் திட்டிக்கொண்டே பிரித்தேனே என்று வெட்கமாக இருந்தது.

"இது போனா உங்க பையன் உங்ககூட பேசமாட்டானே சார்" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அவர் ஃபாரத்தை என் பக்கம் தள்ளினார். "பேசாட்டிப் போறான். கை இருந்தாத்தானே என்னிக்காவது லெட்டர் போடுவான்" என்றார்.

பழி விழுந்த இடம்

மேட்ச் முடிந்து பன்னிரண்டாம் நாள் பேப்பர் வந்தது. டக்கர்தான் ஆடினான், டீம் தோற்றது. கீழே ஒரு பத்தி: சவூதி அரேபியாவிலிருந்து வந்த ஒரு தந்தியைப் பார்த்துக் கோச் சந்தேகப்பட்டு, ஜான்சனை டாக்டரிடம் அனுப்பினாராம். தோள் மோசம், இந்த சீசன் அவனுக்கு இல்லை. ஹாரிஸ் அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் இறக்கச் சொல்லி எழுதினேன். நீ என்ன அனுப்பினே?"

அவருடைய தந்தியின் கார்பன் காப்பியைக் காட்டினேன். சரியாகத்தான் இருந்தது. அப்போ வேறு ஏதோ போயிருக்கிறது, ஃபைலை எடு என்றார். அதற்கு அடுத்த தாளே ஆர். ஜான்சனுடையது. ஃபைலின் மேல் கையை வைத்துக்கொண்டு, "மாஃபி, முடியாது சார், அடுத்தவங்க தபாலைக் காட்டறதில்லை" என்றேன். மேனேஜரிடம் எழுதிக்கொடுப்பேன் என்றார். எழுதிக்கொடுத்தால் விசா கொடுத்த அரபி முதலாளி, கஃபீல், பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து ஏற்றிவிடுவான், அடுத்த வாரம் நான் திருச்சி ஜங்ஷனில் நிற்க வேண்டியதுதான். மூட்டையைப் போட்டுவிட்டு நின்ற முருகையா என் காதோரம், "அண்ணே, காட்டித் தொலைங்க. அவங்க பஞ்சாயத்து, நமக்கென்ன" என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் கை எழும்பவில்லை.

வரிசையின் கடைசியில் நின்றிருந்த ஆர். ஜான்சன் முன்னால் வந்தார். "அவனை விடு. அந்தத் தந்தி என்னுது. பையன் என் பையன்" என்றார். ஹாரிஸ் முகம் சிவந்துபோய் நின்றார். பிறகு நோட்டீஸ் போர்டிலிருந்து அந்தத் தாளைப் பிரித்து நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இப்போ எப்படி இருக்கான் என்று கேட்டார். ஆர். ஜான்சன் தலையை ஆட்டினார். "தெரியாது. தந்தி போனதிலிருந்து லெட்டர் இல்லை" என்றார்.

திட்டி வந்த கடிதம்

அதற்குப் பிறகு ஒரு கூத்து. மூட்டை வந்ததும் ஹாரிஸ் கவுண்டருக்கு வந்து தன் பேப்பரைக் கேட்பதற்கு முன்னால், "ஆர். ஜான்சனுக்கு வந்திருக்கா?" என்பார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். கிரேன் ஜான்சனும் ஸ்டோர் ஜான்சனும்கூட, தங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது எனக்குத்தானா என்று உறுதி செய்துகொண்டு போவார்கள். வாரம் இரண்டு தடவை, மூன்று மாதம், பத்துப் பேருக்கு இல்லை இல்லை என்று சொல்லிப் பாருங்கள், என் கஷ்டம் தெரியும். ஆர். ஜான்சன் மட்டும் வாய் திறந்து கேட்கமாட்டார். தன் காலிக் கட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

முருகையா கொண்டுவந்த ஒரு மூட்டையில் அது இருந்தது. கருநீல மையில் சாய்வில்லாத நேர் எழுத்து, தெளிவான ஆர். கட்டத்தில் வைக்க மனசு வரவில்லை, கையிலேயே வைத்திருந்து அவரிடம் நீட்டினேன். அங்கேயே நின்று படித்தார். வரிசையில் யாரும் ஸ்டாம்ப் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் படித்து முடித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். ஹாரிஸுக்குத் தாங்கவில்லை, என்ன எழுதியிருக்கான் என்றார். ஆர். ஜான்சன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கடிதத்தை மடித்தார். "திட்டியிருக்கான். ரெண்டு பக்கமும் திட்டுத்தான்" என்றவர், அதைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "ரெண்டு பக்கமும் வலது கையால."

தபால் அறையில் நான் உட்கார்ந்திருந்த அத்தனை வருஷத்திலும் திட்டி வந்த கடிதத்துக்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட கூட்டத்தை வேறெங்கும் பார்த்ததில்லை, ஆனால் அன்றைக்கும் கடைசியில் ஹாரிஸ், தன் பேப்பர் ஏன் வரவில்லை என்று என்னைத்தான் கேட்டார்.