டைகருக்கு ஒரு துணை

அம்மாக்கண்ணுவுக்குப் பல்லி என்றாலே ஆகாது. சுவரில் ஒன்று ஓடினால் போதும், விளக்குமாற்றைத் தூக்கிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு பல்லிக்குத் தன் உள்ளங்கையில் புழுவை வைத்து ஊட்டுகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? பக்கத்து வீட்டுக்காரி நான் பார்த்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறேன்.

அது அவள் மகன் குகனேஸ்வரனின் பல்லி. லெப்பர்ட் கெக்கோ என்பான். மஞ்சள் உடம்பு, கருப்புப் புள்ளி, பெயர் டைகர். புள்ளிக்கு எதற்கு டைகர் என்று கேட்டால் அம்மாக்கண்ணு சண்டைக்கு வருவாள். மலைக்குக் கீழே ஷா ஆலம் டவுனில் அவனுக்கு வேலை கிடைத்தபோது, வாடகை அறையில் பிராணி கூடாது என்றார்களாம். கண்ணாடிப் பெட்டியையும் அதன் அடியில் போடும் சூட்டு மெத்தையையும் அம்மா தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான். எங்கள் எஸ்டேட் குளிருக்கு அந்தச் சூடு இல்லாவிட்டால் அது பிழைக்காது. கரண்டு போனால் இவள் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடுவாள்.

ஞாயிறுதோறும் குகன் வீடியோ போன் அடிப்பான். "டைகர் எங்கம்மா, காட்டு" என்பான். இவள் போனைப் பெட்டிக்குள் நீட்டிப் பிடிப்பாள். அவன் பாட்டுக்குப் பல்லியைக் கொஞ்சிக்கொண்டிருப்பான். பெற்றவளின் வளையல் மட்டும்தான் அவன் கண்ணில் படும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளோ தேயிலை ஃபேக்டரியிலிருந்து வந்ததும் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துதான் சோறு தின்பாள். புருஷன் போய்ச் சேர்ந்தபிறகு வீட்டில் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

போன மாதம் மலையடிவாரத்துத் தாப்பாவில் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போனவள், மைலோ டின்னில் ஒரு சாதாரண வீட்டுப் பல்லியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"எதுக்குடி இது?" என்றேன்.

"டைகருக்குத் துணைக்குத்தான்க்கா. பேச ஆளில்லாம ஒத்தையில எம்புட்டு நாளைக்குத்தான் கெடக்கும், பாவம்."

"அது வேற ஜாதி, இது வேற ஜாதிலா."

"பழகிட்டா சரியாப் போயிரும்க்கா" என்று இரண்டையும் ஒரே பெட்டியில் விட்டுவிட்டாள்.

எங்கே சரியாவது? மறுநாளே புதுசாக வந்ததற்கு வால் இல்லை. டைகர் புழுவைத் தொடாமல் மூலையில் ஒடுங்கியது. கொழுகொழுவென்று இருந்த அதன் வால் நாளாக நாளாக மெலிந்துகொண்டே வந்தது. பிரித்து வையேன்டி என்று கத்தினேன். புது இடம், கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்று சொல்லிவிட்டு முனியாண்டிக்குச் சுருட்டு நேர்ந்துகொண்டாள்.

அந்த ஞாயிறு போனில் டைகரின் தலையை மட்டும் காட்டினாள். அதற்குள் பின்னால் அந்த வீட்டுப் பல்லி கண்ணாடியில் ஏறிவிட்டது.

"அம்மா, கண்ணாடில ஏறுறது என்னா? டைகருக்குத்தான் ஏற வராதே."

மறுநாள் காலையிலேயே கெரெத்தாவை ஓட்டிக்கொண்டு மலை ஏறி வந்துவிட்டான். "ரெண்டையும் ஒண்ணா வச்சா கடிச்சிக்கும், சீக்கு ஒட்டிக்கும்மா. இதுக்குத் தனியா இருக்கத்தான் புடிக்கும்" என்றான். தனியாக இருக்கப் பிடிக்கும் ஒரு ஜீவன் உண்டா என்பதுபோல அவள் அவனையே பார்த்தாள். டைகரை ஈப்போவில் டாக்டரிடம் காட்டி, மருந்தோடு திரும்பினான். தேறிவிடுமாம். வால் போனதைத் தாப்பாவில் கொண்டுபோய் விடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஈப்போவிலிருந்து வந்த கையோடு குகன் சூட்டு மெத்தையின் வயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"எனக்கு இப்ப வேற ரூம் கெடச்சிருச்சும்மா, அங்க பிராணி வச்சிக்கலாமாம். டைகர நானே கொண்டு போயிடுறேன். ஒனக்கும் தொல்லை விட்டுச்சு."

அம்மாக்கண்ணு பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வேணாய்யா. இனிமே ஒழுங்காப் பாத்துக்கிறேன். ஒண்ணும் கிட்ட விடமாட்டேன்."

"ஒனக்கு எதுக்கும்மா இந்தக் கஷ்டம்?"

"இதையும் கொண்டு போயிட்டா, நீ எதுக்குய்யா எனக்குப் போன் அடிக்கப் போற?"

குகனின் கை அப்படியே நின்றது. அவன் சுருட்டிய வயரைப் பிரித்து, ப்ளக்கைத் திரும்பச் சொருகினான். பிறகு அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்து, தேம்பித் தேம்பி அழுதான். நானும்தான் அழுதேன், சொல்வதற்கென்ன.