கத்தானியாக்காரியின் ஆட்டோ

ஆகத்தீனாவுக்கு எதிராக முதலில் வாய் திறந்தவன் நான்தான். வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியவருவதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

கடலோர ஊரான சிராகூசாவில் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டு அப்பல்லோ கோயில் இடிபாடுகளுக்கு எதிரே இருக்கிறது. மொத்தம் பதினோரு வண்டி. ஊர் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஊரின் பழைய பகுதியான சின்னத் தீவை ஒரு சுற்று சுற்றுவோம். கேட்டால் மேட்டிலுள்ள கிரேக்க நாடக அரங்கம் வரைக்கும் போவோம். என்றைக்கோ கிரேக்கன் போட்டுவிட்டுப் போன கல்தான் இன்றைக்கும் எங்கள் அடுப்பை எரிய வைக்கிறது. வரிசையில் ஓர் இடம் காலியானால் மகனுக்குப் போகும். மகன் இல்லாவிட்டால் தம்பிக்கு. மனைவிக்குப் போனதாகச் சரித்திரமே இல்லை.

எனக்கு முந்திய நான்காம் இடத்துக்காரன் சாரோவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அவனுக்கு மகனும் இல்லை, தம்பியும் இல்லை. மூன்றாம் மாதம் அவன் மனைவி ஆகத்தீனா அவனுடைய வண்டியைத் தேய்த்துக் கழுவி, ஸ்டாண்டின் கடைசியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கினாள். ஓட்டல் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருஷம் விரிப்பு துவைத்தவள். ஐந்தடி உயரம்கூட இல்லை. குரல் மட்டும் மீன் சந்தையின் அந்தக் கோடிக்குக் கேட்கும்.

“இவ கத்தானியாக்காரி. நம்ம ஊரைப் பத்தி இவளுக்கு என்ன தெரியும்?” என்றேன் நான்.

“இருபத்திரெண்டு வருஷமா இங்கதானே குப்பை கொட்டுறேன், நூன்சியோ அண்ணே!” என்றாள் அவள்.

“இருபத்திரெண்டு வருஷம் தண்ணிக்குள்ள கெடந்தா கல்லு மீனாயிருமா?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

கத்தானியா எங்களுக்கு ஒரு மணி நேரத் தூரம்தான். ஆனால் ஊர்க்காவல் அவர்களுக்குப் புனித ஆகத்தா, எங்களுக்குப் புனித லூசியா. இந்த விஷயத்தில் நாங்கள் விட்டுக்கொடுக்கிறவர்கள் இல்லை.

ஸ்டாண்டுத் தலைவர் ஒராசியோ நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்று வாரம் ஓட்டட்டும். தினம் ஒருவர் அவள் வண்டியில் கூடவே போக வேண்டும். பயணி யாராவது குறை சொன்னாலோ, இவளே ஏதாவது சொதப்பினாலோ இடம் கிடையாது. கடைசி நாள் கூடப் போகிற முறை எனக்கு வந்தது. வந்தது என்ன, கேட்டு வாங்கினேன்.

அது மே மாதம், லூசியாவின் வெள்ளிச் சிலையைப் பேராலயத்தை விட்டு வெளியே எடுத்து, அதே சதுக்கத்திலுள்ள அவளுடைய சிறிய கோயிலில் எட்டு நாள் வைத்திருக்கும் சமயம். காலை ஒன்பது மணிக்கு, ஓட்டல் பணியாள் ஒருவன் எழுபது வயதுக்காரர் ஒருவரைக் கைபிடித்துக் கூட்டிவந்தான். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைக் கோல். பெயர் எத்தோரே, வடக்கே பெர்கமோ பக்கம்.

“ரெண்டு மணி நேரம் ஊர் சுத்தணும்,” என்றார்.

“ஏறுங்க ஐயா. நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்,” என்றாள் ஆகத்தீனா. அவருக்கும் சந்தோஷம். தலையாட்டிக்கொண்டே ஏறினார்.

வண்டி நேராகப் போய் லூசியா கோயில் வாசலில் நின்றது. கண் தெரியாதவர், கண் கொடுக்கும் லூசியாவின் ஊருக்கு வேறு எதற்கு வருவார்? கண் வேண்டித்தானே! உள்ளே ஒரே கூட்டம். ஆகத்தீனா ஒரு குரல் கொடுத்தாள், அவ்வளவுதான், பெண்கள் ஓடி வந்துவிட்டார்கள். ஒருத்தி அவர் கையில் மெழுகுவத்தியைத் திணித்தாள். இன்னொருத்தி சிலையில் ஒற்றிய பஞ்சை அவர் இமைமேல் வைத்தாள். நாலு பேர் தோளைப் பிடித்து முழங்காலிட வைத்தார்கள். பின்னால் யாரோ ஒரு பாட்டையும் ஆரம்பித்தார்கள்.

“இது என்ன எடம்?” என்று கத்தினார் எத்தோரே.

“லூசியாம்மா கோயில் ஐயா. மனசு விட்டுக் கேளுங்க, குடுப்பா.”

“நான் கண்ணு கேட்டேனா உங்ககிட்ட? கல்லு பாக்க வந்தேம்மா, கல்லு! நாப்பது வருஷம் கொத்தனார் வேலை பாத்தவன் நான். சாகறதுக்குள்ள கிரேக்கன் கட்டுனதை ஒரு தடவை தொட்டுப் பாத்துரணும்னு வந்தா, மண்டி போட வச்சு மெழுகை ஊத்துறீங்க! ஒங்க தலைவர் யாரு? அவர்கிட்ட பேசணும் நான்.”

பாட்டு நின்றுவிட்டது. சாரோவின் இடம் போனதென்று ஆகத்தீனாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டும், ஆனால் என் தொப்பி என் கையில் இருந்தது. அந்த மனிதரின் கண்ணுக்காக நானும் அவர் பின்னால் முழங்காலில்தான் இருந்தேன்.

“தப்பு என்னோடதுதான் ஐயா,” என்றாள் அவள். “கல்லு காட்டிட்டு, தலைவர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்.”

“எந்தக் கல்லை?” என்று அவள் காதருகே கேட்டேன். “அப்பல்லோ கோயிலுக்கு வேலி போட்டிருக்கு. அரங்கத்துல கையை வச்சா காவல்காரன் விசில் ஊதுவான்.”

“ஞாயித்துக்கிழமை பூசையில நீங்க எதுல சாஞ்சுக்கிட்டு தூங்குறீங்கண்ணே?”

தூணில்தான், பேராலயத்துத் தூணில். பேராலயம் அங்கிருந்து ஐம்பது அடிதான். அதுவும் ஒரு காலத்தில் கிரேக்கத் தெய்வம் ஆதேனாவின் கோயில். தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி மாதா கோயிலாக்கி ஆயிரம் வருஷத்துக்கு மேலாகிறது. சாய்ந்து சாய்ந்து தூணெல்லாம் எங்கள் முதுகு பட்டு வழுவழுப்பாகிவிட்டது.

அவள் அவருடைய இரண்டு கையையும் எடுத்து முதல் தூணில் வைத்தாள். அவர் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கோலைக் கீழே போட்டுவிட்டுத் தூணைக் கட்டிப்பிடித்தார். கை எட்டவில்லை. வரிப்பள்ளங்களை விரலால் எண்ணினார். அடித்துண்டும் அடுத்த துண்டும் சேரும் இடத்தை நகத்தால் தேடி, “அடப்பாவி, நகம்கூட நுழையலையே!” என்று யாரையோ செல்லமாகத் திட்டினார். அந்தக் கிரேக்கனைத்தான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது தூணில் கன்னத்தை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

“ஏம்மா, இது சாஞ்சிருக்கே. மேல என்ன ஆயிருக்கு, பாத்துச் சொல்லு.”

ஆகத்தீனா அண்ணாந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். ஞானஸ்நானத்திலிருந்து ஐம்பத்து மூன்று வருஷமாக வருகிற கோயில். ஒரு நாளும் அண்ணாந்ததில்லை.

“தலைக்கல்லு ஒரு பக்கமா நகந்திருக்கு ஐயா. பானை மேல மூடியைக் கோணலா வச்ச மாதிரி.”

“பூகம்பம்! தள்ளியிருக்கு, ஆனா விழல. இந்தச் சுவரை வச்சவன் தாங்கிட்டான். நல்ல கொத்தனாருடா!” அவர் சுவரைத் தட்டிக்கொடுத்தார்.

அதன்பின் நான் அங்கே இருப்பதையே இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். கை எட்டும் வரைக்கும் அவர் அவளுக்குச் சொன்னார். எட்டாததை அவள் அவருக்குச் சொன்னாள். இரண்டு மணி நேரம் மூன்றரை ஆனது.

ஸ்டாண்டுக்குத் திரும்பியதும் எத்தோரே, “தலைவரே!” என்று கூப்பிட்டார். ஒராசியோ எழுந்து வந்தார். “நாளைக்கும் இந்தம்மாவே வரட்டும். இன்னும் பாதித் தூணு பாக்கி,” என்று மட்டும் சொல்லிவிட்டு, அங்கே காத்திருந்த ஓட்டல் பணியாளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

“அப்போ குறை ஒண்ணும் இல்ல. என்ன நூன்சியோ?” என்றார் ஒராசியோ.

நான் வாய் திறப்பதற்குள் ஆகத்தீனா முந்திக்கொண்டாள். “இருக்கு. கல்லு பாக்க வந்தவரை லூசியாம்மா கோயில்ல கொண்டு போய் மண்டி போட வச்சுட்டேன். நல்லா திட்டினாரு. மறைச்சு வாங்குற எடம் எனக்கு வேணாம்.”

கடைசி வண்டிக்காரன் வீத்தோ நிஜமாகவே புரியாமல் கேட்டான்: “கண்ணு தெரியாதவரை வேற எங்க கூட்டிட்டுப் போவாங்க?”

“நானா இருந்தாலும் அங்கதான் போயிருப்பேன்,” என்றான் இன்னொருவன்.

“நானும் பின்னாடி மண்டி போட்டேன்டா,” என்றேன்.

ஒராசியோ என்னை ஒரு பார்வை பார்த்தார். “கத்தானியாக்காரியா இருந்தா ஆகத்தாவையில்ல கூப்பிட்டிருப்பா? என்னடா சொல்றீங்க?”

கை தூக்கச் சொன்னார். எத்தனை கை என்று நான் பார்க்கவில்லை. என் கைதான் முதலில் போனது.

ஆகத்தீனா வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு வீட்டுக்குப் போன் போட்டாள். மெதுவாகப் பேசுவதாக அவளுக்கு நினைப்பு.

“சாரோ, கேக்குதா? எடம் நம்மளுக்குத்தான். நாலாவதேதான், நூன்சியோ அண்ணனுக்கு முன்னாடி. அட, அழாதய்யா... நாளைக்கு எட்டு மணிக்கே எனக்குச் சவாரி இருக்கு.”