தவக்காலத்து மாத்திரை

எங்க வூட்டுக்காரரு குடிய விட்டு இருந்தது ஒரே ஒரு தவக்காலம். அத நெனச்சா இன்னைக்கும் எனக்கு வயிறு எரியுது.

விருத்தாசலத்துல ஒரு பீங்கான் கம்பெனியில அவருக்குச் சூளை வேலை. எனக்கு அங்கயே பொம்மைக்கு வர்ணம் அடிக்கிற வேலை. கவர்மெண்டே பிராந்திக் கடையத் தொறந்து வச்ச புதுசு. சூளைச் சூட்டுல நின்னுட்டு வர்ற ஆம்பளைங்க முக்காவாசிப் பேரு நேரா அங்கதான் போவாங்க. கேட்டா ஒடம்பு வலியாம். பொம்பளைங்களுக்கு வலிக்காதாக்கும்.

கை நடுங்க ஆரம்பிச்சப்புறம் அவரப் பாண்டிச்சேரிக்கு இழுத்துக்கிட்டுப் போனேன். ஆஸ்பத்திரியில படுக்க வச்சு, நடுக்கம் நின்னப்புறம், ரத்த டெஸ்ட்டெல்லாம் பாத்துட்டு டாக்டரம்மா ஒரு மாத்திரை எழுதுனாங்க. "இதப் போட்டுக்கிட்டு ஒரு வாய் குடிச்சாலும் உயிருக்கே ஆபத்து. நிறுத்துனாலும் ரெண்டு வாரத்துக்கு ஒடம்புல வேலை செய்யும். நீங்களும் சோத்துல தெரியாம கலந்துடாதீங்கம்மா, அவரே தெரிஞ்சு முழுங்கணும்"னு ரெண்டு பேருகிட்டயும் சொன்னாங்க. இவரு கோயில்ல பிரசங்கம் கேக்குற மாதிரி தலைய ஆட்டிக்கிட்டு இருந்தாரு.

ஊருக்கு வந்ததும் சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குற நாளு. எங்க கோயில் பங்குல தவக்காலம் வந்தா ஆம்பளைங்க கறியும் தொட மாட்டாங்க, பாட்டிலும் தொட மாட்டாங்க. ஈஸ்டர் பூசை முடிஞ்சதும் வட்டியும் மொதலுமா சேத்துக் குடிப்பாங்க. இவரு மட்டும் வருசா வருசம் பாதியிலயே வழுக்கிடுவாரு. அந்த வருசம் வழுக்கல. தெனம் காலையில என் கண்ணு முன்னாடியே மாத்திரைய முழுங்குவாரு. அப்பா வர்ற சத்தம் கேட்டாலே அடுப்படிக்குள்ள ஓடி வர்ற எங்க மக, அவரு பக்கத்துல தட்டு போட்டு உக்காந்து சாப்பிட்டா. எனக்கு அந்த மாத்திரைக்கே மெழுகுத்திரி ஏத்தலாம் போல இருந்துச்சு.

அந்த மனுசன் என்ன பண்ணாருன்னா, விரதத்தையும் மாத்திரையையும் ஒண்ணா முடிச்சுப் போட்டுட்டாரு. விரதம் முடிஞ்சா மாத்திரையும் முடிஞ்சுதாம். பெரிய வெள்ளியோட நிறுத்திட்டு, சனிக்கிழமை என்கிட்ட போட்டுட்டேன்னு பொய் சொல்லியிருக்காரு. ஈஸ்டர் அன்னைக்கு அவரோட அண்ணன் வூட்டுல கறிச்சோறு. அண்ணன் ஊத்திக் குடுக்க, "மாத்திரைய விட்டாச்சு, ஒண்ணும் ஆவாது"ன்னு இவரு வாங்கிக் குடிச்சிருக்காரு.

நான் போறதுக்குள்ள மொகம் பழுக்கச் செவந்து, வாந்தி எடுத்து, மூச்சுக்குத் தவிக்கிறாரு. நெஞ்சு அடிக்கிறது சட்டைக்கு மேலயே தெரியுது. ஆட்டோவுல அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடுனோம். பிரஷரு ரொம்ப எறங்கிப் போச்சுன்னு குளுக்கோஸ் ஏத்தி, ஆக்ஸிஜன் வச்சு, எப்படியோ பொழைக்க வச்சாங்க.

பொழச்சவரு குடியத்தானே கொற சொல்லணும்? "மாத்திரைதான் என்னைக் கொல்லப் பாத்துச்சு"ன்னாரு. தெருவே அதத்தான் பேசுச்சு. புருசனுக்கு வெசம் வச்சவளப் பாக்குற மாதிரி என்னைப் பாத்தாங்க. "ஊத்துனது நீங்க, பேச்சு வாங்குறது நானா?"ன்னு அவரோட அண்ணன நேராவே கேட்டேன். அதுக்கும் எனக்குத்தான் வாய்க்கொழுப்புன்னு பேரு.

மிச்ச மாத்திரைய இவரு குப்பையில வீசிட்டாரு. பழையபடி கடைக்குப் போக ஆரம்பிச்சாரு. மக பழையபடி அடுப்படிக்கு வந்துட்டா. "வேற வாங்கி கொழம்புல கலந்துடுடி, எத்தன பேரு கலக்குறாங்க"ன்னு பக்கத்து வூட்டு அக்கா சொன்னாங்க. ஆட்டோவுல என் மடியில கெடந்த மொகம் ஞாபகம் வந்துச்சு. எனக்குக் கை வரல.

ரெண்டு மூணு வருசம் போச்சு. அவருக்குக் கண்ணு மஞ்சளாச்சு, காலு வீங்குச்சு. ஒரு நாள் அவரே வந்து, "பாண்டிச்சேரிக்குப் போவலாமா புள்ள? அந்த மாத்திரையப் போட்டுக்குறேன்"னாரு. இப்பவாச்சும் வாயில வந்துச்சேன்னு அழுதுகிட்டே துணி எடுத்து வச்சேன்.

அதே டாக்டரம்மாதான். ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, "அந்த மாத்திரைய இனிமே குடுக்க முடியாதும்மா. இவரு கல்லீரலு தாங்காது. அட்மிட் பண்ணுங்க, வேற என்ன செய்ய முடியும்னு பாக்கலாம்"னாங்க.

இவரு அவங்க மேசைமேல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு, "இந்தத் தடவ ஒழுங்கா போட்டுக்குறேங்க, குடுங்க"ன்னாரு. திரும்பத் திரும்ப அதயே சொன்னாரு. குடிக்கிறதுக்காக அந்த மனுசன் எத்தனையோ பேருகிட்ட கெஞ்சி நான் பாத்திருக்கேன். குடிய விட மருந்து குடுங்கன்னு கெஞ்சுனது அன்னைக்குத்தான்.